மட்டம் பார்த்த கதை

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவை எங்கள் தெருவில் யாரும் மறக்கமாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அந்த இரவும் மறுநாள் காலையுமாக, ஒரே நாள் கணக்கில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முந்தைய பதிவு 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 சென்டிமீட்டர்தான். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டதை நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெரு காமராசர் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். எங்களுக்குப் படகு வரவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் மூன்று நாள் கிடந்தோம். கீழ்த்தட்டில் வைத்திருந்த என் பழைய லாருஸ் அகராதி ஊறி இட்லி மாதிரி உப்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கியது அது.

தண்ணீர் வடிந்த இரண்டாவது வாரம் குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம் நடந்தது. தெருவை ஒன்றரை அடி உயர்த்தி சிமெண்ட் சாலை போட்டுத் தரும்படி மனு எழுதுவதாக எல்லோரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். மனு எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. முப்பத்தெட்டு வருஷம் குறிப்பு எழுதிய கை. பேனாவை எடுத்தவன், "உயர்த்தினால் நம் தெருத் தண்ணீர் எங்கே போகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். பதில் எல்லோருக்கும் தெரியும். பின் தெருவுக்குப் போகும். அங்கே ஓட்டு வீடுகள், வாடகைக் குடித்தனங்கள். ஏற்கெனவே எங்களைவிட ஒரு சாண் பள்ளம்.

"அப்ப நீங்களே வந்து விளக்குங்க சார்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். இப்படித்தான், நகரமைப்பு படிக்காத ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா நான்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நகரமைப்பு வகுப்பு எடுக்கும்படி ஆயிற்று. முதல் நாள் இருபது பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் டீக்காக வந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு வகுப்பெடுக்கத் தெரியாது. என் புவியியல் ஆசிரியரைத்தான் நினைத்துக்கொண்டேன். நாங்கள் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் லுவார், ரோன் நதிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மெசியே ஒருநாள் பெரிய தாம்பாளத்தில் கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டி, ஒரு பக்கம் மேடாக்கி, நடுவில் விரலால் கோடு இழுத்து, குவளைத் தண்ணீரை மேட்டில் ஊற்றினார். "ரெகார்தே லோ" என்றார். தண்ணீரைப் பாருங்கள். அன்றைய பாடத்தில் அவர் பேசியது அவ்வளவுதான். நானும் தாம்பாளமும் மணலுமாக மாடிக்குப் போனேன். மேற்கு ஓரத்தில் கோரிமேடு, லாசுப்பேட்டைச் செம்மண் மேடு. கிழக்கு ஓரத்தில் கடல். கடலை ஒட்டி ஒரு மணல்மேடு, அதன்மேல் வெள்ளைக்காரர் தெருக்கள். இரண்டு மேட்டுக்கும் நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பெரிய வாய்க்கால். குவளையைச் சாய்த்ததும் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "ஆமாம் சார், லாசுப்பேட்டைத் தண்ணிதான் நம்மகிட்ட வருது" என்றார். பாடத்தில் பாதி முடிந்துவிட்டது.

மீதிக்கு ஊர் வரலாற்றைத்தான் சொன்னேன். நம் ஊர்க்காரர்களுக்குத் தெருக்கள் நேர்க்கோடாக இருப்பதில் ஒரு பெருமை உண்டு. பிரெஞ்சுக்காரன் போட்ட பிளான் என்பார்கள். அது முதலில் டச்சுக்காரன் போட்ட பிளான். 1693-இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். 1697-இல் ரைஸ்விக் உடன்படிக்கையில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு, 1699-இல்தான் கையை விட்டார்கள். இடையில் இருந்த ஆறு வருஷத்தில் சதுரங்கக் கட்டம்போல ஊருக்கு வரைபடம் போட்டார்கள். திரும்பி வந்த பிரான்சுவா மார்த்தேன் அதைக் கிழித்துப் போடாமல் அதன்மேலேயே ஊரை வளர்த்தார். எதிரி போட்ட திட்டமாக இருந்தாலும் சரியாக இருந்தால் வைத்துக்கொள்ளும் புத்தி அது. ஆட்சி மாறினால் போன ஆட்சியின் கல்வெட்டைக்கூடப் பெயர்க்கிற காலத்தில் இருக்கிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அதைவிடப் பெரிய சோதனை 1761-இல் வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடிய சில நாளில், ஜனவரி 16-இல், முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரிடம் ஊர் விழுந்தது. கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் கல்லோடு கல் சேராமல் இடித்தார்கள். 1763-இல் பாரீசில் சமாதானமாகி, 1765-இல் ழான் லா திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்தது இடிபாட்டு மேடு. அவரும் பொறியாளர் பூர்செயும் புது இடம் தேடவில்லை. பழைய அஸ்திவாரங்களைத் தோண்டி எடுத்து, பழைய தெருக்களின் தடத்திலேயே மறுபடி கட்டினார்கள். இன்று நாம் நடக்கிற தெருக்களில் பல, ஒருமுறை அழிந்து திரும்பி வந்தவை. கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களின் தண்ணீர் பெரிய வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் வடக்கு தெற்காக ஓடிக் கடலைத் தேடுகிறது. கோட்டை மதில் போன தடத்தில் புல்வார்கள் முட்டை வடிவில் ஊரைச் சுற்றி வந்தன.

"புல்வாருக்கு உள்ளே தண்ணி நிக்கறதில்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். நிற்கிறது. நிற்காமல் என்ன? பெரிய வாய்க்காலில் பிளாஸ்டிக் அடைத்தால் அம்பூர் சாலையும் நாறுகிறது. 2014 நவம்பர் மழையில் மேரி கட்டடமே, ஏறக்குறைய 140 வருஷம் நின்றது, சரிந்து விழவில்லையா! பிறகு பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். ஆனால் நான் பார்த்தவரை, பழைய தமிழ்த் தெருக்களில் தண்ணீர் வந்தாலும் வீட்டுக்குள் ஏறுவது குறைவு. வைசியாள் தெருவில் போய்ப் பாருங்கள். தெருவிலிருந்து படி ஏறித் தாழ்வாரம், அதற்குமேல் திண்ணை, அதற்குமேல் வீட்டுத் தரை. கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும். எந்த என்ஜினியரும் கையெழுத்துப் போடாமல் கொத்தனாரும் வீட்டுக்காரருமாகச் செய்த காரியம். நாமோ புது நகர்களில் தெருமட்டத்துக்கு டைல்ஸ் போட்டு, கார் ஏறச் சாய்தளம் வைத்தோம். அதன்பின் சாலை போடுபவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு தடவையும் அதன்மேலேயே போட்டார்கள். என் வீட்டுக்கு நான் வந்த வருஷம் தெருவிலிருந்து மூன்று படி ஏறவேண்டும். இப்போது ஒரு படி இறங்கவேண்டும்.

இரண்டாவது ஞாயிறு மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். எங்கள் பின் தெருக்காரர். கையில் நாற்பது அடி ட்யூப் லெவல். கொத்து வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒளி ஊடுருவும் சாதாரண பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பியதுதான். குமிழி இல்லாமல் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கீழே தரைவரை அளந்தால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். அன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, தெருவின் பதினான்கு வீட்டு வாசலையும் கழிவுநீர் வாய்க்காலின் தரையையும் அளந்தோம். பெண்கள் டேப் பிடித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். இதுநாள்வரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் குழாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் ஏத்து", "கொஞ்சம் இறக்கு" என்று பேசிக்கொண்டதை இங்கே குறித்துவைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், வாய்க்கால் தரை மேற்கிலிருந்து கிழக்காக ஒழுங்காகத்தான் இறங்குகிறது, 23 சென்டிமீட்டர். முனையில் இருக்கும் சிறுபாலத்தில் வந்ததும் திடீரென்று 11 சென்டிமீட்டர் ஏறுகிறது. பாலத்தின் தரையைக் கட்டியவர்கள் உயர்த்திக் கட்டிவிட்டார்கள். போதாததற்கு அதன் வயிற்றுக்குள் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய் போகிறது. அதில் ஊர்க் குப்பையெல்லாம் மாட்டி நிற்கிறது. இத்தனை வருஷமும் தெருவை உயர்த்து, உயர்த்து என்று கேட்டுக்கொண்டிருந்தோம். தாழ்த்தவேண்டியது ஒரு பாலத்தின் தரை. மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இது எனக்கு முன்னாடியே தெரியும் சார், யாரும் கேக்கல" என்றார்.

மூன்றாவது ஞாயிறுதான் எனக்குச் சங்கடமான ஞாயிறு. அதைச் சொல்லுமுன் கிராமப்புறத்து விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும், இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் கொம்யூன்களில் ஏரிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பாசனக்காரர்களே. சேந்திக்கா அக்ரிக்கோல் என்று நில உடைமைக்காரர்களின் சங்கம் இருந்தது. கேஸ் கொம்மூன் என்று பொதுப் பணப்பெட்டி இருந்தது. மதகு திறக்கிறவன் யார், எந்த வாய்க்காலை எந்த மாசம் வெட்டுவது, யார் எத்தனை ஆள் அனுப்புவது எல்லாம் அவர்கள் கையில். இணைப்புக்குப் பிறகு ஏரிகள் பொதுப்பணித்துறையின் கைக்குப் போயின. அது கெட்ட எண்ணத்தில் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆழ்குழாய்க் கிணறு வந்துவிட்டது, ஏரியை நம்பியிருந்தவர்களும் குறைந்தார்கள். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியில் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது முதல் வேலையாக ஊருக்கு ஊர் ஏரிச் சங்கங்களைத் திரும்ப ஏற்படுத்த வேண்டியிருந்தது. பழைய சங்கத்தில் இருந்த கிழவர்களைத் தேடிப் பிடித்து, வாய்க்கால் எங்கே போயிற்று என்று கேட்டார்களாம். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் எல்லோருக்கும் தெரிந்தவை. பெயர் தெரியாத சின்ன ஏரிகளின் வாய்க்கால்கள்தான் கேட்க ஆள் இல்லாமல் போனவை.

நகரத்திலும் இதுவே கதை. 1880-இல் கொம்யூன்களும் நகராட்சிகளும் வந்த ஊர் இது. இணைப்புக்குப் பின் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அந்த வருஷக் கடைசியில் வந்த தானே புயலிலும், 2015 வெள்ளத்திலும், ஃபெஞ்சலிலும் எங்கள் தெருக்காரர் போய்க் கதவைத் தட்ட ஒரு வார்டு கவுன்சிலர் கிடையாது. ஊரமைப்புக்கு 1969-இலேயே சட்டம் இருக்கிறது. திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்லலாம் என்று வகுப்பில் சொன்னேன். அந்த அறிவிப்பை நாங்கள் யாரும் படித்ததே இல்லை என்று தெரிந்தது, நான் உட்பட.

இப்போது மூன்றாவது ஞாயிறுக்கு வருகிறேன். வீட்டில் பழைய நோத்தேர் பத்திரம் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறேன் என்று முந்தின வாரம் அறிவித்திருந்தேன். பிரெஞ்சில் எழுதிய பத்திரங்கள், தாத்தா காலத்தவை. பெட்டியடியில் கிடக்கும், பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் தெருவிலும் பின் தெருவிலுமாக ஆறு பத்திரம் வந்தன. வீட்டு மனையாகும் முன்பு அந்த நிலமெல்லாம் நன்செய். நான்கெல்லை சொல்லும் இடத்தில் நாலு பத்திரங்களில் ஒரே வரி: "ஆ லெஸ்த், பார் லெ கனால் திரிகாசியோன்". கிழக்கே பாசன வாய்க்கால். ஒரு பத்திரத்தில் கிழக்கே என்று இருந்தது அடுத்ததில் மேற்கே என்று இருந்தது, அதாவது அந்த நிலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாலையும் தாளில் வைத்துப் புள்ளி சேர்த்தால் வாய்க்கால் தானாக எழுந்து வந்தது. எங்கள் தெரு முனையில் நுழைந்து, பின் தெருவின் நடுவாக ஓடி, உப்பனாற்றுப் பக்கம் போகிறது. பின் தெருவின் நட்ட நடுவில்.

எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. அந்தப் புல எண்கள் எனக்குப் பழக்கமானவை.

எண்பதுகளின் நடுவில் நான் இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அந்த மனைப்பிரிவின் கோப்பு என் மேஜைக்கு வந்தது. நன்செயை மனையாக்க அனுமதி கேட்ட கோப்பு. இடையில் வாய்க்கால் புறம்போக்கு ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. களத்துக்குப் போனவர் எழுதிக்கொடுத்த அறிக்கையில் "வாய்க்கால் தற்போது பயன்பாட்டில் இல்லை" என்று இருந்தது. நான் அதை அப்படியே என் குறிப்பில் எடுத்தெழுதி, ஆட்சேபணை இல்லை என்று சேர்த்து மேலே அனுப்பினேன். யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. காசு வாங்கியிருந்தால் ஒருவேளை இடத்தைப் போய்ப் பார்த்திருப்பேனோ என்னவோ! அது மார்ச் மாதம். மார்ச் மாதத்தில் நம் ஊரில் எந்த வாய்க்கால் பயன்பாட்டில் இருக்கும்? சைக்கிளில் பத்து நிமிஷ தூரம். போகவில்லை. அதே அலுவலகத்தில் எனக்கு ஒதுக்கிய அடுத்த கோப்பு என்னவென்றுகூட ஞாபகமில்லை, இந்த வரி மட்டும் ஞாபகம் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து நானே இந்தப் பேட்டைக்கு வீடு கட்டிக்கொண்டு வந்தபோது அது மனதின் ஓரத்தில் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும்.

பின் தெருவிலிருந்து வந்த அம்மா, மேஸ்திரியின் அக்கா, புயலன்று தாயாரைக் கட்டிலோடு தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு இரவெல்லாம் நின்றவர், கோட்டின்மேல் விரலை வைத்து, "இது எங்க வீட்டு அடுப்படி சார். வாய்க்கால்மேல எப்படி சார் மனை போட விட்டாங்க?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். குறிப்பு எழுதியது நான்தான் என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. செயலாளர் என்னைக் காப்பாற்ற நினைத்து, "சார் மேல கையெழுத்து போட்டவங்க வேற, அவர் கிளார்க்குதானே" என்றார். அந்த அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மாடியில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். போனால் பின் தெருவிலிருந்து ஒன்பது பேர் புதிதாக வந்திருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். அன்று வகுப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருமாக ஆயி மண்டபத்துக் கதையைப் பேசிக்கொண்டே படி இறங்கினோம். தன் மாளிகையைத் தானே இடித்துக் குளம் வெட்டிக் கொடுத்த ஆயியின் கதையும், முத்திரையர்பாளையத்துத் தண்ணீரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பொறியாளர் லாமெரெஸ் ஊருக்குள் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். அதில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பது வேறு. பின் தெருவில் இறங்கி, பத்திரத்தில் இருந்த வாய்க்காலின் தடத்தை ட்யூப் லெவலால் அளக்க ஆரம்பித்தோம். மேஸ்திரி ஒரு முனையை எடுத்துக்கொண்டு கோடிக்குப் போனார். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த அம்மா அதை எடுத்து என் கையில் கொடுத்து, "பிடிங்க சார். குமிழி வராம பார்த்துக்குங்க" என்றார்.

மனுவைத் திருத்தி எழுதினேன். தெருவை உயர்த்த வேண்டாம். புதுச் சாலை போட்டால் பழையதைச் சுரண்டிவிட்டுப் போடவேண்டும். சிறுபாலத்தின் தரையை 11 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தாழ்த்தி, குடிநீர்க் குழாயை வெளியே மாற்றவேண்டும். பின் தெருவின் அடியில் பழைய தடத்தில் மூடிய வடிகால் ஒன்று போடவேண்டும். அளவுகளையும் வரைபடத்தையும், நாலு பத்திரங்களின் நகலையும், என் தமிழ் மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறோம். இரண்டு தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பெறப்பட்டது என்று சீல் வாங்கியாயிற்று. அந்த சீலின் மதிப்பு எனக்குத் தெரியும், அதனால் மாதம் ஒருமுறை போய்க் கேட்டு வருகிறேன். பாலத்துக் குப்பையை மட்டும் நாங்களே மழைக்கு முன் ஒருமுறை வழித்துவிடுகிறோம். மின்சார மீட்டரை இடுப்புக்கு மேலே ஏற்றுவது, தனியாக இருக்கும் பெரியவர்கள் பட்டியல், யார் வீட்டு மாடி யாருக்கு என்பதெல்லாம் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

காமராசர் சாலைக்கும் புல்வாருக்கும் இடையில் வீடோ மனையோ உள்ளவர்கள், உங்கள் பெட்டியில் பழைய நோத்தேர் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "கனால்" என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டால் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.